ஒரு பாயின்டர், இரண்டு கை: கெர்னலின் கொல்லைப்புறக் கூத்து

மெதுவாக வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆனால் எதையும் தொட்டுவிடாதீர்கள். நாம் நிற்கிற இடம் லினக்ஸ் கெர்னலின் கொல்லைப்புறம். விருந்தாளிகளை இங்கே கூட்டிவருகிற வழக்கம் இல்லை. ஐகான், வால்பேப்பர், அழகான எழுத்துரு எல்லாம் முன்வாசலோடு சரி. இங்கே இருப்பவர்கள் டிரைவர்கள்: கீபோர்டிலிருந்து கேமரா வரை ஒவ்வொரு கருவியோடும் அதனதன் பாஷையில் பேசத் தெரிந்த நிரல்கள். ‘டிரைவர்ஸ்’ என்ற போல்டருக்குள் ‘டிடிஒய்’ என்றொரு போல்டர். அதற்குள் ‘என்_ஹெச்டிஎல்சி’ என்ற பெயரில் ஏறக்குறைய ஆயிரம் வரியில் ஒரு கோப்பு. நம் கதையின் நாயகன் அவர்தான். வில்லனும் அவரே!

2009 ஜூன் 22 அன்று இந்தக் கோப்புக்குள் ஒரு பிழை குடியேறியது. அதை வெளியேற்றும் திருத்தம் கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்த நாள் 2017 பிப்ரவரி 28. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். சனி பகவானே ஏழரை வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இது அதற்கும் மேலே இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது. அத்தனை காலமும் உலகெங்கும் லட்சக்கணக்கான சர்வர்களில், லேப்டாப்களில் இந்தக் கோப்பு சமர்த்தாகப் போய் அமர்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் நாயகனின் ஜாதகம். ஹெச்டிஎல்சி என்பது சீரியல் வயரில் தரவைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புவதற்கான பழைய நெறிமுறை. 1970-களில் ஐபிஎம் உருவாக்கிய எஸ்டிஎல்சியின் வாரிசு. மைக்ரோகேட் என்ற நிறுவனத்தின் சிங்க்லிங்க் அட்டைகளுக்காக 1990-களின் கடைசியில் லினக்ஸில் இதற்கு டிரைவர் எழுதினார்கள். அப்படியோர் அட்டை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா? இருக்காது. பக்கத்து வீட்டிலும் இருக்காது. ‘அப்புறம் எனக்கென்ன வந்தது?’ என்று திரும்பிப் போய்விடாதீர்கள், வேடிக்கையே இங்கேதான் ஆரம்பம்.

லினக்ஸை வட்டில் அடைத்துக் கொடுக்கிற விநியோகஸ்தர்கள் ‘யாருக்காவது தேவைப்படும்’ என்ற நல்லெண்ணத்தில் இதை ஒரு மாட்யூலாகக் கூடவே வைத்துவிடுவார்கள். தேவைப்படும்வரை அது வட்டில் தூங்கும். எழுப்புவது எப்படி? யாரும் திறக்கக்கூடிய ஒரு போலி டெர்மினலைத் திறந்து, ‘இந்த வயருக்கு இனி 13-ஆம் எண் ஒழுங்குமுறை’ என்று ஒரு சிஸ்டம் கால் விட்டால் போதும். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டாம், அட்டை வேண்டாம், வயரே வேண்டாம். கெர்னல் தானே ஓடிப்போய் மாட்யூலை எடுத்துவந்து உட்கார வைக்கும். இந்த அளவுக்கு விருந்தோம்பல் ஆபத்து என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இனி, ரேஸ் கண்டிஷன். டிரைவர் எழுதுகிறவர்கள் காதில் இந்த இரண்டு வார்த்தையைப் போட்டுப் பாருங்கள். பேச்சு சட்டென்று நின்றுவிடும். ஒரே பொருளில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கைவைக்க, யார் முந்தினார் என்பதைப் பொறுத்து விடை மாறினால் அது ரேஸ். சாதாரண நிரலில் யார் யார் ஓடுகிறார்கள் என்பது எழுதியவருக்கு ஓரளவு தெரியும். டிரைவரில் அந்த நிம்மதி கிடையாது. பயனர் ஒருவர் ‘எழுது’ என்று கூப்பிட்டிருப்பார். வேலை பாதியில் இருக்கும்போதே வன்பொருள் இன்டரப்ட் அடிக்கும். இன்னொரு கோரில் இன்னொரு நிரல் ‘நிறுத்து’ என்று வரும். இத்தனைக்கும் நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் யுஎஸ்பி வயரையே பிடுங்கிக்கொண்டு போவார். நால்வரும் மொய்ப்பது ஒரே ஸ்ட்ரக்சரை!

இதற்காகத்தான் லாக். அதிலும் டிரைவர் உலகத்தின் செல்லப்பிள்ளை ஸ்பின்லாக். பூட்டு கிடைக்காதவர் தூங்கப் போகமாட்டார். ‘கிடைத்ததா, கிடைத்ததா’ என்று கேட்டுக்கொண்டு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். இன்டரப்ட் வேளையில் தூங்கவே கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. பூட்டை வைத்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து அதே பூட்டைக் கேட்டால்? இவர் விடமாட்டார், அவர் நகரமாட்டார், கம்ப்யூட்டர் சிலையாகிவிடும். ஆகவே பூட்டும்போதே இன்டரப்டையும் அடக்கிவைத்துவிடுவார்கள்.

நம் ஹெச்டிஎல்சி கோப்பைத் திறந்தால் முதல் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அனுப்புகிற பக்கத்தில் இரண்டு பட்டியல்கள்: அனுப்பக் காத்திருக்கும் பஃபர்கள் ஒன்றில், காலி பஃபர்கள் மற்றதில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்பின்லாக். சபாஷ் என்று சொல்லத் தோன்றும். கோளாறு, பட்டியல்களுக்கு வெளியே தனியாக வைத்திருந்த ஒரு பாயின்டரில். அதன் பெயர் டிபஃப்.

ஒரு பஃபரை அனுப்பப் பார்த்து, வயர் பக்கம் ‘இப்போது முடியாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டால், அந்த பஃபரின் முகவரியை டிபஃப்பில் போட்டு வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை அனுப்பும் ஃபங்ஷன் வரும்போது முதலில் டிபஃப்பில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். பல வருஷம் அதைத் தொட்டது அந்த ஃபங்ஷன் மட்டுமே. அதிலும் ஒரு சமயத்தில் ஒருவர்தான் அனுப்ப முடியும் என்று ஒரு கொடி வைத்துக் காவல் காத்தார்கள். எனவே தனி லாக் தேவைப்படவில்லை.

2009-இல் வந்தது புதிய வசதி: அனுப்பாமல் தேங்கியிருக்கும் தரவையெல்லாம் ஒரே அடியில் கழித்துக் கட்டும் ஃபிளஷ். நியாயமான வசதிதான், நான் குறை சொல்லமாட்டேன். கழிப்பது என்றால் டிபஃப்பில் இருப்பதையும் சேர்த்துத்தானே கழிக்க வேண்டும்? அந்தக் கையும் டிபஃப்பைத் தொட்டது. தொடும்போது ஸ்பின்லாக்கை ஒழுங்காகப் பிடித்தது. ஆமாம், பிடித்தது! ஆனால் அனுப்பும் பக்கத்துக் கை டிபஃப்பைப் படிக்கும்போதும் அழிக்கும்போதும் எந்த லாக்கையும் பிடிக்கவில்லை. இரண்டு பேரில் ஒருவர் மட்டும் மதிக்கிற பூட்டு. நிரலில் அந்த இடத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பூட்டே இல்லாத இடம் கண்ணை உறுத்தும். இப்படிப் பாதி பூட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு ‘ஓ, கவனித்திருக்கிறார்கள்’ என்று நல்ல நல்ல கண்களே கடந்து போய்விடும்.

இப்போது மிக மிக மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். அனுப்பும் கை டிபஃப்பைப் படிக்கிறது, முகவரி கிடைக்கிறது. பஃபரை அனுப்புகிறது, இம்முறை போய்விட்டது. சரி, காலிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று கையை நீட்டுகிறது. அந்த நொடியின் துணுக்கில், பக்கத்து சிபியுவில் ஃபிளஷ் கை டிபஃப்பை எட்டிப் பார்க்கிறது. இன்னும் அழிக்கப்படவில்லையே! ‘அட, இதோ ஒன்று’ என்று எடுத்து அதே காலிப் பட்டியலில் சேர்க்கிறது. அனுப்பும் கையும் சேர்க்கிறது. ஒரே பஃபர், பட்டியலில் இரண்டு முறை.

இரண்டு முறை எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மண்டபம் காலியானதை இரண்டு குமாஸ்தாக்கள் தனித்தனியாகப் பார்த்து, பதிவேட்டில் ஆளுக்கொரு வரி ‘காலி’ என்று எழுதிவிட்டார்கள். பதிவேட்டை நம்பும் மேனேஜர் முதல் வரியைப் பார்த்து ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிறார், இரண்டாம் வரியைப் பார்த்து இன்னொரு குடும்பத்துக்கும் கொடுக்கிறார். ஒரே முகூர்த்தம், ஒரே மேடை, இரண்டு மாப்பிள்ளை! இதில் இரண்டாவது குடும்பம் திருட்டுக் கூட்டமாக இருந்துவிட்டால், முதல் குடும்பத்தின் சீர்வரிசைத் தட்டில் கைவைத்து எதை வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம்.

கெர்னலில் நடப்பது இதுவே. போலி டெர்மினலை மூடும்போது காலிப் பட்டியலில் உள்ள பஃபர்களையெல்லாம் நினைவகத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரே துண்டு இரண்டு முறை திரும்பிப் போகும். டபுள் ஃப்ரீ என்பார்கள். பிறகு அதே துண்டு இரண்டு பேருக்கு ஒதுக்கப்படும். அதில் ஒருவர் நெட்வொர்க் பாக்கெட், மற்றவர் தாக்குபவர் தன் கையால் நிரப்பிய பைட்டுகள். ‘இந்தப் பாக்கெட்டின் வேலை முடிந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று கெர்னல் நம்பி வைத்திருக்கும் முகவரியைத் தாக்குபவர் மாற்றி எழுதிவிட்டால் கதை முடிந்தது. சாதாரணப் பயனர் அந்தக் கம்ப்யூட்டரின் ராஜாவாகிவிடுவார்.

இதை மோப்பம் பிடித்தவர் அலெக்சாண்டர் போபோவ், ரஷ்யாவைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர். அப்போது பாசிட்டிவ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தில் இருந்தார். ஆனால் முதல் துப்பு கொடுத்தது மனிதரல்ல, சிஸ்காலர் என்ற கருவி. கூகுளில் டிமித்ரி வியூகோவ் உருவாக்கிய அந்தக் கருவிக்கு வெட்கம் என்பதே கிடையாது. சிஸ்டம் கால்களைக் கன்னாபின்னாவென்று வரிசை மாற்றி, ஒன்றோடொன்று மோதவிட்டு, இரவு பகலாகக் கெர்னலைச் சீண்டிக்கொண்டே இருக்கும். அதற்குத் துணைக்குக் கசான் என்றொரு காவலாளி: திருப்பிக் கொடுத்த நினைவகத்தை யாராவது தொட்டால் அங்கேயே பிடித்து, யார் ஒதுக்கியது, யார் விடுவித்தது என்று பஞ்சாயத்தே வைத்துவிடுவார். 2017 தொடக்கத்தில் போபோவின் கம்ப்யூட்டரில் கெர்னல் விழுந்த விதம் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

விழுந்தது சரி, மறுபடி விழவைக்க வேண்டுமே? ரேஸ் பிழையின் கொழுப்பெல்லாம் இங்கே தெரியும். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு ஒரு நொடியில் முந்நூறு கோடி முறை துடிக்கும். டிபஃப்பைப் படிப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே இருப்பது அதில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிட்டிகை. என்ன நடக்கிறதென்று பார்க்க நடுவில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால், அந்த வரி எடுத்துக்கொள்ளும் நேரமே ஆட்டத்தைக் கலைத்துவிடும். பிழை நல்ல பிள்ளையாகி ஒளிந்துகொள்ளும். வரியை எடுத்தால் மறுபடி வாலாட்டும். இயற்பியலாளர் ஹைசன்பர்க் பெயரால் இந்த ரகத்துக்கு ‘ஹைசன்பக்’ என்று செல்லப்பெயரே உண்டு.

போபோவ் செய்ததைப் பார்த்தால் எனக்கு விசிலடிக்கத் தோன்றுகிறது. முதலில், அனுப்புவதில் தோல்வி ஏற்பட வேண்டும். அப்போதுதானே டிபஃப்பில் ஏதாவது இருக்கும்? அதற்கு வன்பொருள் எதையும் உடைக்க வேண்டியதில்லை. டெர்மினலில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் ஓடுகிற எழுத்து நின்றுவிடுமே, அந்தப் பழைய வசதியையே எடுத்துக்கொண்டார். வெளியீட்டை நிறுத்திவிட்டு ஒரு பஃபரை எழுதினால் போலி டெர்மினல் வாங்கிக்கொள்ளாது. பஃபர் நேரே டிபஃப்புக்குள். தூண்டிலில் புழு தயார்.

அடுத்து இரண்டு திரெட்கள், இரண்டையும் வெவ்வேறு சிபியுவில் ஆணியடித்தாற்போல் நிறுத்தி. ஒன்று ‘தேங்கியதைக் கழி’ என்று கத்தும். மற்றது ‘நிறுத்தியதைத் தொடர்’ என்று கத்தும். இரண்டும் ஒரே கணத்தில் கிளம்ப ஒரு கோடு. அதன்பின் ஒருவரின் புறப்பாட்டை மட்டும் இம்மி இம்மியாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. மோதவில்லையா? மறுபடி. இன்னும் இல்லையா? இன்னொரு இம்மி. மனிதனுக்கு அலுத்துப் போகும், லூப்புக்கு அலுக்காது. மோதியே தீர வேண்டிய நேரம் வந்து, மோதியது. அதன் மேல் கட்டிய தாக்குதல் நிரலில் எஸ்எம்இபி என்ற சிபியு காவலையும் அவர் தாண்டிக் காட்டினார். கெர்னல் நிலையில் இருக்கும்போது பயனரின் நிரலை ஓட்டக்கூடாது என்று தடுக்கும் காவல் அது.

சரி, இனி திருத்தம். நான் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்ததே இதைக் காட்டத்தான்! சராசரி நிரலர் என்ன செய்வார்? அனுப்பும் பக்கத்திலும் ஒரு லாக்கைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். ஆனால் அனுப்பும் கை நடுவில் வன்பொருள் டிரைவரின் ‘எழுது’ ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் ஃபங்ஷனுக்குள் போவது தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது. அவர் உள்ளே என்ன செய்வார், தூங்குவாரா, வேறு பூட்டைக் கேட்பாரா, யார் கண்டது?

போபோவ் லாக் சேர்க்கவில்லை. சண்டைக்குக் காரணமான பொருளையே தூக்கிவிட்டார். டிபஃப் என்ற பாயின்டரே இனி கிடையாது! அனுப்ப முடியாமல் போன பஃபரா, காத்திருப்போர் பட்டியலின் தலைப்பக்கத்திலேயே திருப்பி வைத்துவிடு. அடுத்த முறை அதுதான் முதலில் வெளியே வரும். பட்டியலுக்கு ஏற்கெனவே நல்ல பூட்டு இருக்கிறது. வைப்பதும் எடுப்பதும் அந்தப் பூட்டுக்குள்ளேயே நடக்கும். ஃபிளஷ் கைக்கும் வேலை சுலபம்: பட்டியலைக் காலி செய்தால் போதும், தனியாக வேறெதையும் தேட வேண்டாம். கூடவே, டிரைவர் எழுதியவர்கள் கையால் பின்னியிருந்த பட்டியலையும் கழற்றிவிட்டு, கெர்னல் முழுக்க எல்லோரும் பயன்படுத்தும் லிங்க்டு லிஸ்ட்டைப் பொருத்தினார். தொட்டது ஒரே ஒரு கோப்பு. இப்போது எந்தக் கணத்தில் நிறுத்திக் கேட்டாலும் ஒரு பஃபர் ஒன்று பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் ஒரே ஒருவர் கையில் இருக்கும். என் கட்சி இதுதான்: லாக்கைச் சேர்த்துத் தீர்க்கும் ரேஸைவிட, பகிர்வதற்கே பொருள் இல்லாமல் செய்து தீர்க்கும் ரேஸ் பத்து மடங்கு அழகு.

அந்த பேட்ச் நேரே ஊரறிய வெளியாகவில்லை. திருத்தத்தைப் படித்தாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும் என்பதால், சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. 2017 மார்ச் 7 அன்று சிவிஇ-2017-2636 என்ற எண்ணோடு விஷயம் வெளியே வந்தது. புதிய கெர்னல் போட முடியாதவர்களுக்கு எளிய கைவைத்தியமும் சொன்னார்கள்: அந்த மாட்யூல் ஏற்றப்படவே கூடாது என்று ஒரு வரி அமைப்பு எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

போபோவ் அதோடு விடவில்லை. ஒரே துண்டை அடுத்தடுத்து இரண்டு முறை விடுவித்தால் கண்டுபிடிக்கும் ஒரு சின்னச் சோதனையை, கெர்னலின் நினைவகப் பங்கீட்டாளரிடமே சேர்க்கச் சொல்லி அனுப்பினார். அது அதே ஆண்டில் 4.14 பதிப்பில் சேர்ந்தது. 2021-இல் கெர்னலின் இன்னொரு பகுதியான ‘விசாக்’ பக்கம் போய் ஐந்து இடத்தில் ஒரே ரகமான ரேஸைப் பிடித்தார். அங்கே லாக் இருந்தது. ஆனால் பூட்டுவதற்கு முந்தைய வரியிலேயே பாயின்டரைப் படித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டிய பிறகு, அந்தப் பழைய முகவரியை நம்பி வேலை! திருத்தம் என்னவென்றால், படிக்கும் வரியைப் பூட்டுக்குக் கீழே இறக்கினார். அவ்வளவே. இங்கே ஒரு பாயின்டரையே ஒழிக்க வேண்டியிருந்தது, அங்கே ஒரு வரியை இடம் மாற்றினால் போதும். ரேஸுக்கு ஒரே மருந்து என்று ஒன்று கிடையாது.

கருவிகளும் வளர்ந்திருக்கின்றன. 2020-இல் 5.8 பதிப்போடு கேசிசான் வந்தது. அதன் குறும்பைக் கேளுங்கள்: ஓடுகிற ஒரு திரெட்டை வேண்டுமென்றே நினைவகத்தின் ஒரு முகவரிக்கு முன் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியில் வேறு யாராவது வந்து அதே முகவரியைத் தொட்டால், ‘மாட்டினாயா!’ என்று இருவர் பெயரையும் பதிந்துவிடும். ரேஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், அதற்கான சந்தர்ப்பத்தைத் தானே உண்டாக்கித் தரும் போலீஸ்.

அந்த அதிகப்படியான விருந்தோம்பல் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? 2019-இல் 5.1 பதிப்பில் அதற்கு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். உங்கள் மேசையில் லினக்ஸ் இருந்தால் ‘டெவ்.டிடிஒய்.எல்டிஸ்க்_ஆட்டோலோட்’ என்ற அமைப்பின் மதிப்பைப் பாருங்கள். 1 என்றால், கேட்கிறவர் எவராயிருந்தாலும் பழைய மாட்யூலைத் தூக்கம் கலைத்து எழுப்பலாம் என்று பொருள். 0 என்றால் நிர்வாகிக்கு மட்டுமே அந்த உரிமை. சீரியல் மோடம், பிபிபி இணைப்பு என்று எதுவும் வைத்திருக்காதவர்கள் அதைத் தயங்காமல் 0 ஆக்கிவிடுங்கள்; வைத்திருப்பவர்கள் தேவையான மாட்யூலை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டு 0 ஆக்குங்கள்.